லிங்கனைப் பற்றி ஐந்து நிமிடம்: பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி

பள்ளியில் பேச்சுப் போட்டித் தலைப்புகளை அறிவித்த மறுநாளே பெரம்பூரில் என் வீட்டு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். இருபத்தொன்பது வருஷம் வடசென்னைப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருகிறோம். காமராஜர், பாரதி, கலாம், வேலு நாச்சியார் என்று ஆளுக்கொரு தலைப்பு. வருஷம் தவறாமல் ஒரு பிள்ளையாவது, "மிஸ், எனக்கு ஆபிரகாம் லிங்கன்" என்று வந்து நிற்கும்.

கையில் ஒரு ஜெராக்ஸ் தாளும் இருக்கும். அப்பாவோ அக்காவோ போனில் தேடி எடுத்துக் கொடுத்தது. அதில் என்ன இருக்கும் என்று வாங்கிப் பார்க்காமலே என்னால் சொல்லிவிட முடியும். செருப்புத் தைப்பவரின் மகன் என்று செனட் சபையில் அவமானப்பட்ட கதை, மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம், வரிசையாகத் தோல்விகள் அடுக்கிய ஒரு பட்டியல். முடிவில் "மக்களால் மக்களுக்காக மக்களே". இதையே நான்கு பிள்ளைகள் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதை நடுவராக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

வீட்டில் பிள்ளையைத் தயார் செய்யும் அம்மா, அப்பா, அக்கா, அண்ணன்களுக்காக இதை எழுதுகிறேன். என் பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான். லிங்கனைப் பற்றிப் பேசும் பிள்ளை உண்மையான லிங்கனைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் எதையெல்லாம் எடுத்துவிடுவது

செருப்புக் கதையை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அந்தக் கதையை வைத்தே தயார் செய்தேன். "உங்கள் தந்தை தைத்த செருப்பைத்தான் நான் போட்டிருக்கிறேன்" என்று ஒரு பணக்காரர் எழுந்து சொல்வதையும், லிங்கன் நிதானமாகப் பதில் சொல்வதையும் அவ்வளவு அழகாக நடித்துக் காட்டினான். முதல் பரிசும் வாங்கினான். அப்புறம் ஒருநாள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய், லிங்கனின் வாழ்க்கை வரலாறு ஒன்றைப் புரட்டினேன். அவர் அப்பா தாமஸ் லிங்கன் விவசாயி, தச்சர். கதை நடந்ததாகச் சொல்லும் பதவியேற்பும் செனட் சபைக்குள் நடக்கவில்லை. 1861 மார்ச் 4 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில், திறந்தவெளியில், மக்கள் கூட்டத்துக்கு முன்னால். அந்தக் கதை நடக்க இடமே இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ நான் பேசினது பொய்யா மிஸ்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்றும் என் கூடவே இருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது எங்கே இருக்கிறது?' என்று பென்சிலால் எழுதச் சொல்கிறேன். பதில் கிடைக்காத வரியை அடித்துவிடுவோம். நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்தது அந்தக் கடிதம். சென்னையில் எத்தனையோ பள்ளிகளின் அலுவலக அறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லிங்கன் எழுதிய கடிதங்கள், உரைகள், குறிப்புகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து 1950-களில் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவற்றில் இந்தக் கடிதம் இல்லை. அவர் கையெழுத்தில் மூலப்பிரதியும் இல்லை. "கருத்து நல்லதுதானே மிஸ், இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று பெற்றோர் சொல்வார்கள். நல்ல கருத்தை யார் பெயரில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று பிள்ளை பழகிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. அதோடு, அவர் நிஜமாகவே எழுதிய கடிதங்கள் இதைவிட நன்றாக இருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1860 ஜூலை 22. லிங்கன் அப்போது குடியரசுத் தலைவர் வேட்பாளர். தேர்தலுக்கு நான்கு மாதம்கூட இல்லை. அவர் மூத்த மகன் ராபர்ட்டின் நண்பன் ஜார்ஜ் லேத்தம் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுவிட்டான் என்று மகனின் கடிதத்திலிருந்து தெரிகிறது. அடுத்த நாளே அந்தப் பையனுக்கு எழுத உட்கார்கிறார். இந்தச் செய்தியைவிடப் பெரிய வேதனையை வாழ்க்கையில் நான் அனுபவித்தது அரிது என்ற பொருளில் தொடங்குகிறார். ஆனால் மனம் தளர விடாவிட்டால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார். முயற்சியைத் தொடங்கிவிட்டாய், இனி வென்றே ஆக வேண்டும், 'ஆக வேண்டும்' என்பதுதான் சொல் என்று அந்தச் சொல்லைத் தனியாக எடுத்து வைக்கிறார். ராபர்ட்டும் அதற்கு முந்தைய வருஷம் அதே தேர்வில் தோற்று, ஒரு வருஷம் வேறு பள்ளியில் படித்துவிட்டுப் போனவன்தான். நுழைவுத் தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் நம் தெருக்களில் எத்தனை வீடுகள் விளக்கைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன! இந்தக் கடிதத்தை என் மாடியில் வாசித்தபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

இரண்டாவது, சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. 1860 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு ஊரிலிருந்து கிரேஸ் பெடல் என்ற பதினோரு வயதுச் சிறுமி அவருக்கு ஒரு கடிதம் போடுகிறாள். உங்கள் முகம் ரொம்ப ஒல்லியாக இருக்கிறது, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும், எனக்கு நான்கு அண்ணன் தம்பிகள், அவர்களில் சிலர் எப்படியும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், தாடி வளர்த்தால் மற்றவர்களையும் நான் போட வைக்கிறேன் என்கிறாள். பெண்களுக்கு அன்று ஓட்டுரிமை கிடையாது; அதனால்தான் அவள் சகோதரர்களை எண்ணிக் காட்டுகிறாள். லிங்கன் பதில் எழுதினார். எனக்கு மகள் இல்லை என்பதில் வருத்தம், பதினேழு, ஒன்பது, ஏழு வயதில் மூன்று மகன்கள் என்று குடும்பத்தைச் சொல்லிவிட்டு, இத்தனை நாள் தாடி வைக்காதவன் இப்போது வைத்தால் வேஷம் என்று சொல்ல மாட்டார்களா என்று அவளிடமே யோசனை கேட்கிறார். அப்புறம் தாடி வளர்த்தார். அடுத்த பிப்ரவரியில் வாஷிங்டனுக்குப் பதவியேற்கப் போகும் வழியில் ரயில் வெஸ்ட்ஃபீல்டில் நின்றபோது அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாவதாக, தோல்விப் பட்டியல். இது பாதி உண்மை என்பதால் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். 1832-ல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார், உண்மை. ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் 300 ஓட்டில் 277 அவருக்கு விழுந்தது. பட்டியலில் அது இருக்காது. 1834 தொடங்கி நான்கு முறை தொடர்ந்து வென்றதும் இருக்காது. கூட்டாகப் போட்ட கடை நொடித்துப்போய், கூட்டாளியும் இறந்துவிட, அந்தக் கடனை வருஷக்கணக்கில் அடைத்தார். அதே மனிதர் பின்னால் ரயில்வே கம்பெனிக்காக வாதாடி ஒரே வழக்கில் 5,000 டாலர் கட்டணம் வாங்கிய வழக்கறிஞரும்கூட. தோற்றுக்கொண்டே இருந்து ஒருநாள் திடீரென்று ஜெயித்தவர் இல்லை அவர். பிள்ளைக்கு இது தெரிய வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பு எவ்வளவு வேண்டும்

கொஞ்சம் போதும். 1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கியில் ஒற்றை அறை மரக்குடிலில் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் இண்டியானா காட்டுப் பகுதிக்குப் போனது. ஒன்பது வயதில் அம்மா நான்சி இறந்துபோனார். மாடு ஏதோ ஒரு நச்சுச் செடியை மேய்ந்து, அந்த விஷம் பாலில் இறங்கி, அந்தப் பாலைக் குடித்தவர்களைக் கொன்ற நோய் அது. சித்தி சாரா வந்தார். பையனைப் படிக்க விட்டார். பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் ஆகாது என்று லிங்கனே எழுதியிருக்கிறார். மிச்சமெல்லாம் இரவல் வாங்கிய புத்தகம். அப்புறம் இல்லினாய், கடை, தபால் நிலையம், நில அளவை, சட்டம். 1847 முதல் 1849 வரை நாடாளுமன்றத்தில் ஒரு முறை. 1858-ல் செனட் பதவிக்கு எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸோடு ஏழு ஊர்களில் மேடை விவாதம். 1860 நவம்பரில் குடியரசுத் தலைவர். பதவி ஏற்பதற்குள், அடிமை முறையை விட மறுத்த ஏழு தென் மாநிலங்கள் பிரிந்துபோய்விட்டன. ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர்.

பேச்சில் இதற்கு நாற்பது விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். பிறந்த தேதியிலிருந்து இறந்த தேதி வரை ஒப்பிக்கும் பேச்சை நடுவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியும்.

ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து நிமிடத்தில் 56 வருஷத்தைச் சொல்ல முடியாது. ஒரு நாளைச் சொல்லலாம். நான் எப்போதும் 1863 நவம்பர் 19-ஐத்தான் எடுத்துக்கொள்கிறேன். போன வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு இதைச் செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை அவளுக்குப் பின்னணியை மட்டும் சொன்னேன். அந்த வருஷம் ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் என்ற சின்ன ஊரைச் சுற்றி மூன்று நாள் சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்து இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 51,000 பேர் அளவில். சேப்பாக்கம் மைதானம் நிறைந்து வழியும் கூட்டம் என்று சொன்னதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இறந்த வடக்கு வீரர்களுக்காக அங்கே ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். அதன் திறப்பு நிகழ்ச்சிக்கு முக்கியப் பேச்சாளர் எட்வர்டு எவரெட் என்ற புகழ்பெற்ற சொற்பொழிவாளர். லிங்கன் சில வார்த்தைகள் சொன்னால் போதும் என்ற அளவுக்குத்தான் அழைப்பு. முதல் நாளே ரயிலில் போய்ச் சேர்ந்தார். நம் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது என்று சேர்த்துச் சொன்னேன். அவள் வீடு ராயபுரத்தில். அந்தக் காலம் அவளுக்குச் சட்டென்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது இரண்டு நிமிடம் போல. சுமார் 272 வார்த்தை. அடுத்த நாள் எவரெட்டே அவருக்கு எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்துக்கு நான் இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு நெருங்கி வந்தேன் என்று நினைக்க முடிந்தால் மகிழ்வேன் என்று.

ஓடும் ரயிலில் ஒரு உறையின் பின்பக்கம் கிறுக்கிய உரை என்று தாளில் இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். அவர் கையால் எழுதிய ஐந்து பிரதிகள் இன்றும் இருக்கின்றன. வார்த்தைக்கு வார்த்தை யோசித்து எழுதும் மனிதர் அவர்.

இரண்டாவது சனிக்கிழமை உரையை ஆங்கிலத்திலேயே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூல உரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம்தான், அச்செடுத்துக் கையில் கொடுங்கள். தமிழில் பேசப் போகும் பிள்ளையானாலும் இதைச் செய்ய வேண்டும். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "ஃபோர் ஸ்கோர் அண்டு செவன் இயர்ஸ் எகோ. ஸ்கோர்னா மார்க்கா மிஸ்?"

ஸ்கோர் என்றால் இருபது. நாலிருபதும் ஏழும், எண்பத்தேழு. "எண்பத்தேழுன்னே சொல்லியிருக்கலாமே?" அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அவள் பாட்டி மாடிப்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். "ஈரேழு பதினாலு லோகம்னு சொல்றோமேடி, வெறும் பதினாலு லோகம்னா சொல்றோம்?" என்றார். எனக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. எண்ணைப் பிரித்துச் சொன்னால் அதில் ஒரு பழமையும் கனமும் ஏறிவிடுகிறது. அவள் தன் பேச்சில் "நாலிருபதும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்னால்" என்றே எழுதினாள்.

1863-லிருந்து 87-ஐக் கழிக்கச் சொன்னேன். 1776. பிரிட்டனிடமிருந்து அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்த வருஷம். எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்று எழுதிய வருஷம். லிங்கன் கணக்கைத் தொடங்கும் இடம் அதுதான், அதற்குப் பிறகு வந்த அரசியல் சாசனம் இல்லை. சாசனத்தில் அடிமை முறைக்கு இடம் இருந்தது. இதைப் பிள்ளையே கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தால் மேடையில் அதைச் சொல்லும்போது குரல் தானாக மாறும்.

அடுத்ததாக, உரையில் இல்லாத சொற்களைத் தேடச் சொன்னேன். பென்சிலோடு ஐந்து நிமிடம் குனிந்திருந்தாள். அடிமை என்ற சொல் இல்லை. வடக்கு, தெற்கு இல்லை. கெட்டிஸ்பர்க் என்ற ஊர்ப் பெயர்கூட இல்லை. எதிரியைத் திட்டவில்லை. "ஜனநாயகமும் இல்ல மிஸ்!" என்று கத்தினாள். ஆமாம். "மக்களால் மக்களுக்காக மக்களே" என்பதை ஜனநாயகத்துக்கு லிங்கன் கொடுத்த விளக்கம் என்று குடிமையியலில் நாம் மனப்பாடம் செய்கிறோம். அவர் அங்கே எதற்கும் விளக்கம் கொடுக்கவில்லை. இறந்தவர்கள் வீணாக இறக்கவில்லை என்று உறுதி எடுப்போம், மக்களின், மக்களால், மக்களுக்கான ஆட்சி இந்தப் பூமியிலிருந்து அழிந்துபோகாது என்று உறுதி எடுப்போம் என்று ஒரு நீண்ட வாக்கியத்தை முடிக்கிறார். புதைகுழிகளுக்கு நடுவே நின்று எடுத்த சபதம் அது. பிள்ளை இதைப் புரிந்துகொண்டு சொன்னால், சபையே ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்ட அந்த வரியைப் புதிதாகக் கேட்கும்.

மூன்றாவது சனிக்கிழமை, அவளே மொழிபெயர்த்தாள். நான் திருத்தவில்லை, கேள்வி மட்டும் கேட்டேன். உங்கள் பிள்ளையின் மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும். வாடகைத் தமிழைவிட அது மேல்.

கஷ்டமான கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள்

"ஒரே கையெழுத்தில் நாற்பது லட்சம் அடிமைகளை விடுவித்தார்" என்று எல்லாத் தாளிலும் இருக்கும். நடந்தது இதைவிடச் சிக்கல். 1863 ஜனவரி 1 அன்று அவர் கையெழுத்திட்ட விடுதலை அறிக்கை, கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டும்தான். வடக்கோடு நின்ற டெலாவேர், மேரிலாண்டு, கென்டக்கி, மிசௌரி ஆகிய மாநிலங்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அவர்களை அது தொடவில்லை. படைத் தளபதி என்ற முறையில் போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு போட்ட ஆணை என்பதால் அந்த எல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வடக்குப் படை முன்னேறிய இடமெல்லாம் விலங்கு அறுந்தது. கறுப்பின ஆண்கள் படையில் சேர வழி பிறந்தது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 பேர் சேர்ந்தார்கள். நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்தது பதின்மூன்றாம் சட்டத் திருத்தம். 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியது. மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்து முடித்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. லிங்கன் உயிரோடு இல்லை.

கையெழுத்துப் போட்ட நாளை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லலாம். புத்தாண்டு விருந்தினர்களுக்கு மணிக்கணக்கில் கை குலுக்கி அவர் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தால் தயங்கினார் என்று பின்னால் சொல்வார்களே என்று பேனாவைக் கீழே வைத்து, சற்று ஓய்ந்து, மெதுவாக முழுப் பெயரையும் எழுதினார்.

இன்னொன்றும் உண்டு, இதை எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் நான் கொண்டுபோவதில்லை. 1858-ல் சார்ல்ஸ்டன் ஊர் விவாதத்தில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்று லிங்கன் மேடையிலேயே பேசியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு அந்தப் பெண் தாளைக் கீழே வைத்தாள். "அப்போ அவர் நல்லவரா இல்லையா மிஸ்?"

நான் அவளுக்கு ஃபிரெடரிக் டக்ளஸைக் காட்டினேன். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, நாட்டையே உலுக்கிய பேச்சாளர் ஆனவர். போர்க்காலத்தில் லிங்கனைக் கடுமையாகக் கண்டித்தவர், நேரில் போய்ச் சந்தித்தவர். 1876-ல் வாஷிங்டனில் லிங்கன் சிலைத் திறப்பில் அவர் பேசினார். அடிமை ஒழிப்புக்காரர்களின் இடத்தில் நின்று பார்த்தால் லிங்கன் தாமதமானவர், குளிர்ந்துபோனவர், அக்கறையற்றவராகத் தெரிந்தார். ஆனால் அவர் தலைமை தாங்கிய நாட்டின் மனநிலையை வைத்து அளந்தால் வேகமானவர், தீவிரமானவர், உறுதியானவர் என்றார். சிலைத் திறப்பு விழாவில், நாட்டின் பெரிய தலைகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, இரண்டையும் சேர்த்தே சொல்லும் துணிவு. நடுவர்கள் கேள்வி கேட்கும் போட்டியாக இருந்தால் பிள்ளைக்கு டக்ளஸின் இந்த இரண்டு வரியும் கையில் இருக்கட்டும்.

நம் ஊரோடு முடிச்சுப் போட விரும்பினால் நிஜமான முடிச்சுகளே இருக்கின்றன. போரில் தென் மாநிலத் துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்ததும் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோனது. இந்தியப் பருத்தி விலை எகிறியது. நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் கிராக்கி வந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1873-ல் ஜோதிராவ் புலே சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதிய தம் நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். எனக்குப் புலே செய்திதான் பிடிக்கும். ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும், இரண்டும் வேண்டாம்.

எழுதுவதும் பேசுவதும்

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் வரும். ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொல் போதும். நானூற்றைம்பது எழுதினால் பிள்ளை மூச்சு வாங்கும். மணி அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கடைசி ஒரு நிமிடம் ஓட்டமாக ஓடும்.

வணக்கத்துக்குப் பத்து விநாடி. தமிழ்த்தாய், தலைமையாசிரியர், நடுவர், பெற்றோர், நண்பர்கள் என்று அடுக்கி முக்கால் நிமிடத்தைக் கரைக்காதீர்கள். "அவைக்கு வணக்கம்." அப்புறம் நேராக உள்ளே போய்விட வேண்டும். அந்தப் பெண் இப்படித் தொடங்கினாள்: "இரண்டு மணி நேரம் ஒருவர் பேசி அமர்ந்தார். அடுத்து ஒரு உயரமான மனிதர் எழுந்தார். அவர் பேசி முடித்தபோது இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது." அவள் இதைச் சொன்னதும் அரங்கின் பின்வரிசையில் பேச்சு நின்றது.

குரல் விஷயத்தில் ஒன்று. பையன்களுக்கு லிங்கன் என்றாலே தொண்டையைக் கனமாக்கிக்கொள்ளும் ஆசை வரும். ஆறடி நாலங்குல உயரம், தாடி, அதனால் இடி போன்ற குரல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் குரல் மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் குரல் என்றே கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதனால்தான் கூட்டத்தின் கடைசி வரை எட்டியது. உங்கள் பிள்ளையின் சொந்தக் குரலே இதற்குப் பொருத்தம்.

பெயர்களை முன்கூட்டியே வாய்க்குப் பழக்குங்கள். இல்லினாய், கடைசி 'ஸ்' உச்சரிப்பில் வராது. கெட்டிஸ்பர்க். அப்பொமாட்டக்ஸ், தென்படைத் தளபதி லீ சரணடைந்த ஊர், 1865 ஏப்ரல் 9. இந்தக் கடைசிப் பெயரில் நாக்கு புரளவில்லை என்றால் 'வர்ஜீனியாவில் ஒரு கிராமம்' என்று சொல்லிவிடுங்கள், தவறே இல்லை.

மனப்பாடம் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. ஐந்து விரலுக்கு ஐந்து குறிப்பு: கல்லறைத் தோட்டம், நாலிருபதும் ஏழும், இல்லாத சொற்கள், நடுங்கிய கை, கடைசி உரை. ஒவ்வொரு விரலாக மடக்கி மாடியில் நடந்துகொண்டே பேசச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் நடுவே லோகோ பக்கம் ரயில் கூவும். அப்போது நிறுத்தாமல், குரலையும் உயர்த்தாமல், அது போகும் வரை காத்திருந்து தொடரப் பழக்குகிறேன். அரங்கில் மைக் கத்தினாலோ யாராவது நாற்காலியை இழுத்தாலோ இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

முடிக்கும் இடம்

பெரும்பாலான பிள்ளைகள் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிக்கிறார்கள். ஃபோர்டு நாடக அரங்கம், 1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி இரவு, மறுநாள் காலை 7.22-க்கு உயிர் பிரிந்தது. பிறகு அழுகைக் குரலில் இரண்டு வரிக் கவிதை. அந்த அழுகை பயிற்சி செய்த அழுகை என்பது முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

நான் மூன்று நாள் முன்னால் நிறுத்தச் சொல்கிறேன். ஏப்ரல் 11, வெள்ளை மாளிகை ஜன்னல். போர் முடிந்த மகிழ்ச்சியில் கீழே கூட்டம் ஆரவாரம் செய்துகொண்டிருக்கிறது. வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்து வந்தவர்களிடம் லிங்கன் தாளைப் பார்த்து, தோற்ற மாநிலங்களை எப்படி மீண்டும் சேர்த்துக்கொள்வது என்று வாசிக்கிறார். போகிறபோக்கில், கறுப்பினத்தவரில் அறிவில் சிறந்தவர்களுக்கும் படைவீரர்களாகப் போரிட்டவர்களுக்கும் ஓட்டுரிமை கொடுப்பதையே நான் விரும்புவேன் என்கிறார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவர் மக்கள் முன்னால் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. ஏழு வருஷத்துக்கு முன்னால் சார்ல்ஸ்டனில் பேசிய அதே வாய். கூட்டத்தில், மூன்று நாள் கழித்து அவரைச் சுடப்போகும் ஜான் வில்க்ஸ் பூத் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் பூத்தின் பெயரைச் சொன்னதோடு நிறுத்தினாள். துப்பாக்கி, நாடக அரங்கம் எதையும் சொல்லவில்லை. கைகூப்பினாள், இறங்கி வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான்கு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது.